கபுரின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் பழைய குடும்ப மையவாடிகளில் (முஸ்லிம் அடக்கத்தலங்களில்) வலிமார்களின், அதாவது இறைநேசர்களின், கபுர்களை (கல்லறைகளை)க் கெடுப்பது பெரும்பாலும் மழையல்ல, நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்ட். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிகமாகி, கல்லைச் செதில் செதிலாக உதிர்க்கும். பச்சை எனாமல் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

முதலில் மீசான் கற்களை, அதாவது கபுரில் நட்டிருக்கும் அடையாளக் கற்களை, படமெடுங்கள். இருட்டிய பின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்த அரபி, அர்வி (அரபி எழுத்தில் எழுதிய தமிழ்) எழுத்தும் ஹிஜ்ரி ஆண்டும் நிழலில் தெரியும். எழுத்தின் மேல் சாக்பீஸ், ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

சிமெண்டைச் சிற்றுளியால் மெல்லத் தட்டி எடுங்கள். கல்லோடு பெயர்ந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே மேல். உப்பு பூத்த பரப்பில், காய்ச்சி வடித்த நீரில் ஊறிய காகிதக் கூழை அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். மூன்று நான்கு முறையாவது தேவைப்படும்.

பூச்சுக்கு, சில வாரங்களாவது நீரில் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்றுமணல் 3 பங்கு. கடல்மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் காயவிடாமல் வையுங்கள். வெயில் காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

செடி வேரைப் பிடுங்கினால் கட்டுமானமே கூட வரும். அடியோடு வெட்டிக் காயவிடுங்கள்.