அப்பாவின் பங்குப் பத்திரங்கள் அம்மா பேருக்கு வந்த கதை

அப்பா 2019-இல் தவறினார். நாலு வருசம் கழித்து, கோபிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தினோம். கந்தாய ரசீதுகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. உள்ளே ஒரு நூற்பாலையின் பங்குப் பத்திரங்கள் இரண்டு. ஒன்று 1994-இல் வாங்கிய நூறு பங்கு. மற்றது பின்னால் போனஸாக வந்த நூறு. பங்கு ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று அச்சடித்திருந்தது. அம்மா மனக்கணக்குப் போட்டுவிட்டு, “ரெண்டாயிரம் ரூவாய்க்கு ஏன் அம்மணி அலையோணும்? எடுத்த எடத்துலயே வெச்சுரு” என்றார்.

அந்தப் பத்து ரூபாய் முகமதிப்பு. கம்பெனி தன் மூலதனத்தைப் பங்குகளாகப் பிரித்தபோது ஒன்றுக்கு எழுதிவைத்த தொகை, அவ்வளவுதான். இன்றைக்குச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் சந்தை மதிப்பு. அதைப் போட்டுப் பார்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

டவுனில் ஒருவரிடம் விசாரித்தோம். “இதுக்கு கோர்ட்டுல வாரிசுரிமைச் சான்று வாங்கோணுமுங்க, காகிதப் பத்திரத்தையெல்லாம் இப்ப மாத்தவே முடியாதுங்க” என்று சொல்லி, மொத்தத்தில் கால்பங்கு தந்தால் முடித்துத் தருவதாகச் சொன்னார். ஒரு மாதம் அதை நம்பிக்கொண்டு சும்மா இருந்தோம். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக இருக்கிறது. இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாததால்தான் அந்த ஒரு மாதம் போனது.

டிரான்ஸ்ஃபர் என்பது உயிரோடிருப்பவர் விற்றோ கொடுத்தோ இன்னொருவர் பேருக்கு மாற்றுவது. காகிதப் பத்திரத்தில் அதைத்தான் 2019 ஏப்ரலோடு நிறுத்தினார்கள். டிரான்ஸ்மிஷன் என்பது இறந்தவர் பங்கு வாரிசுக்கு வருவது. அது நிற்கவில்லை. நாங்கள் செய்த 2023-இல், ஒரு கம்பெனியில் காகிதப் பங்கின் மதிப்பு ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட்டுக்கே போக வேண்டியதில்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், உறுதிமொழிப் பத்திரம், பின்னால் யாராவது உரிமை கேட்டு வந்தால் நாங்களே பொறுப்பு என்னும் ஈட்டுறுதிப் பத்திரம் இருந்தால் போதும். ஆட்சேபணையில்லை என்று நானும் தம்பியும் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்தோம்.

நாமினி இருந்தால் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் பங்குகளுக்கு நாமினி போடும் வசதி 1999 சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. அப்பா வாங்கியதோ அதற்கு ஐந்து வருசம் முந்தி.

விண்ணப்பம் கம்பெனிக்குப் போகாது, ரெஜிஸ்ட்ராருக்குப் போகும். பங்குதாரர் ஏட்டைக் கம்பெனிக்காகப் பராமரிப்பவர்கள் அவர்கள். அந்த ஏட்டில் நம் கணக்குக்குக் கொடுத்திருக்கும் எண்தான் ஃபோலியோ. நிலத்துக்குப் பட்டா எண் போல.

முதல் தடவை எல்லாமே திரும்பி வந்துவிட்டது. அப்பா பேர் ‘சாமி’ என்று முடியும். பத்திரத்தில் அதை ஆங்கிலத்தில் டபிள்யூ சேர்த்து எழுதியிருந்தார்கள், இறப்புச் சான்றில் அந்த எழுத்து இல்லை. அந்த ஒற்றை எழுத்துக்காக, இருவரும் ஒருவரே என்று இன்னொரு உறுதிமொழி எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, மறுபடி பதிவுத் தபாலில் அனுப்பினோம். உங்கள் வீட்டுப் பத்திரங்களில் இன்றைக்கே பேரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

ஆறு வாரம் கழித்து, பங்குகள் அம்மா பேருக்கு ஆனதாக ரெஜிஸ்ட்ராரிடமிருந்து உறுதிக் கடிதம் வந்தது. அப்போது அதைக் கொடுத்து 120 நாளுக்குள் டீமேட் கணக்கில், அதாவது பங்குகளைக் காகிதமில்லாமல் கணினியில் வைக்கும் கணக்கில், சேர்க்க வேண்டியிருந்தது. “கையில பேப்பர் இல்லாம எப்பிடி நம்பறது?” என்று அம்மா கேட்டார். ஈரோட்டுக் குடோனில் மஞ்சள் மூட்டையை இறக்கிவிட்டு வருகிறோம், மூட்டை அங்கே, கணக்கு நம் பேரில். டீமேட்டும் அப்படித்தான் என்றேன். என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டும்தான் அந்தக் குடோன்கள். நாம் கணக்குத் திறக்கும் வங்கியோ புரோக்கரோ நடுவில் நிற்பவர்கள்.

அப்பா போன பிறகு கம்பெனி பங்குதாரர்களுக்குக் கொடுத்த டிவிடெண்ட் பணத்தை எங்கள் வீட்டில் யாரும் வாங்கவில்லை. வாங்காத டிவிடெண்ட் ஏழு வருசம் கம்பெனியின் தனிக்கணக்கில் கிடக்கும். அப்புறம் ஐஇபிஎஃப் என்ற மத்திய அரசு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருசம் வாங்காமல் விட்டால் பங்குகளும் கூடவே போகும். அங்கிருந்தும் மீட்கலாம், ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல். எங்களுக்கு இன்னும் மூன்று வருசம் மிச்சமிருந்தது.

பாக்கி டிவிடெண்ட் அம்மா கணக்கில் ஏறிய அன்றைக்கு, “இது வட்டியா அம்மணி?” என்று கேட்டார்.

“இல்லம்மா, லாபத்துல ஒரு பங்கு. கம்பெனி அறிவிச்சாத்தான் வரும். இத்தனைன்னு நிச்சயமில்ல.”

“அப்ப இத நம்பிச் சீட்டுக் கட்டக் கூடாது.”

டீமேட்டில் நாமினியாக என்னையும் தம்பியையும் பாதிப் பாதி போடச் சொன்னார். நாமினி என்றால் சொத்துக்குச் சொந்தக்காரர் என்று அர்த்தமில்லை, வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான். பங்குகளைப் பொறுத்து உச்ச நீதிமன்றமும் 2023 டிசம்பரில் அதையே சொன்னது. அதைக் கேட்டதும், தனியாக உயிலும் எழுதிவிடலாம் என்று அம்மாவே சொன்னார். எங்கள் இரண்டு பேர் பேரையும் ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து எழுதினோம்.