விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்க்கை: ஒரு முத்திரைக்காக அலைந்த கதை

என் மகள் மும்முறைத் தாண்டுதலில் மாநில அளவில் பதக்கம் பெற்ற நாள் முதல் நாங்குநேரியில் எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் "அப்புறம் என்ன அண்ணாச்சி, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல பிள்ளைக்கு ஒரு சீட் உறுதி" என்றே சொல்லி வந்தார்கள். அந்தச் சேர்க்கையை முழுவதுமாகக் கடந்து வந்த பிறகு, அதே நம்பிக்கையோடு இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பதக்கத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது பிள்ளை தாண்டிய தூரம் அன்று. போட்டியை நடத்திய அமைப்பு எது, அதன் பொறுப்பாளர் எந்தத் தாளில் கையொப்பமிட்டு முத்திரை வைத்தார் என்பதுதான்.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்த எண், எல்லா விளையாட்டுகளுக்கும் மாநிலத்தின் எல்லாப் பகுதிகளிலும் உள்ள கல்லூரிகளுக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. இந்தப் பிரிவில் தரவரிசை 200-க்கு எடுத்த கட் ஆஃப் மதிப்பெண்ணைக் கொண்டு அமைவதில்லை. விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு வழங்கப்படும் மதிப்பெண்ணைக் கொண்டே அமைகிறது. ஆகவே இந்தியாவுக்காக விளையாடியவர்களும் தேசியப் பதக்கம் வென்றவர்களும் வரிசையின் முன்னால் நிற்பார்கள். கிண்டியில் நல்ல பிரிவுகள் அவர்களோடு தீர்ந்துவிடும். மாநிலப் பதக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிண்டியை எதிர்பார்ப்பவர்கள் இதை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. எங்களுக்கு இதைத் தெளிவாகச் சொன்னவர் மகளின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே.

சென்னை ஐஐடியைப் பற்றியும் பலர் கேட்டார்கள். 2024-25 கல்வியாண்டு முதல் அங்கே விளையாட்டு வீரர்களுக்கென்று ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக 2 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று பெண்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசைப் பட்டியலில் இடம் பெற்றிருக்க வேண்டும் என்பதோடு, கடந்த 4 ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் ஒரு பதக்கமாவது வென்றிருக்க வேண்டும். மகள் தமிழ்நாடு அணியில் இளையோர் தேசியப் போட்டிக்குச் சென்றவள்தான், பதக்கம் பெறவில்லை. அந்தக் கதவு அங்கேயே சாத்தப்பட்டது. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் இடமில்லை. எஞ்சியிருந்தவை இரண்டு வழிகள்: பொறியியல் விளையாட்டுப் பிரிவு, அல்லது கலை அறிவியல் கல்லூரிகள் தங்கள் அணிக்கு ஆள் எடுக்க நடத்தும் தேர்வுப் போட்டிகள்.

இணையத்தில் விண்ணப்பிப்பதிலும் கட்டணம் செலுத்துவதிலும் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை முழுவதும் படிவத்தில் இருந்தது. சான்றிதழை மட்டும் காட்டினால் போதாது. போட்டியை நடத்திய அமைப்பின் பொறுப்பாளர் அதற்குரிய படிவத்தில் போட்டியின் பெயர், நடந்த நாள், இடம், பெற்ற நிலை ஆகியவற்றை நிரப்பிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கான படிவம் தலைமையாசிரியர் வழியாகச் சில நாள்களில் கைக்கு வந்துவிட்டது. இளையோர் தேசியப் போட்டிக்கான படிவத்தில் கையொப்பமிட வேண்டியவர் மாநில அளவிலான சங்கத்தின் பொறுப்பாளர். அவருடைய அலுவலகத்துக்கு நாங்கள் போன போதெல்லாம் அவர் வெளியூரில் இருந்தார். மேசையில் இருந்தவர் படிவத்தை வாங்கி ஒரு முறை புரட்டிவிட்டு, மூலச் சான்றிதழ் வேண்டும் என்றார். மூலச் சான்றிதழோடு போனபோது, அது லேமினேட் செய்யப்பட்டிருப்பதால் பின்புறத்தில் சரிபார்த்த முத்திரையை வைக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்.

பள்ளியில் பாராட்டு விழாவுக்காக எல்லாச் சான்றிதழ்களையும் லேமினேட் செய்து வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் ஓரத்தைப் பிளேடால் கீறி, இஸ்திரிப் பெட்டியின் இளஞ்சூட்டில் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல உரித்துத் தந்தார். முன்புறம் கையொப்பத்தின் வால் ஒன்று பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நல்லவேளையாகப் பெயருக்கும் நிலைக்கும் சேதமில்லை. பிள்ளைகளின் விளையாட்டுச் சான்றிதழை யார் சொன்னாலும் லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் செருகி வைத்தாலே போதும்.

உரித்த சான்றிதழை ஒப்படைத்த பிறகும் படிவம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் "கையெழுத்துக்குப் போயிருக்கிறது" என்ற ஒரே பதில். இதற்குள் சான்றிதழ் சரிபார்ப்புக்கான நாள் வந்துவிட்டது. விளையாட்டுப் பிரிவினர் நேரில் சென்னைக்குப் போக வேண்டும் என்பதால் நெல்லை எக்ஸ்பிரஸில் தட்கலில் இடம் பிடித்துப் புறப்பட்டோம். சரிபார்த்த அலுவலர் கனிவாகவே நடந்துகொண்டார். ஆனால் படிவம் இல்லாத சான்றிதழைக் கணக்கில் கொள்ள இயலாது என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. தனியார் அமைப்புகள் நடத்திய போட்டிகளின் கோப்பைச் சான்றிதழ்களையும் அவர் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற தென்காசிப் பையனிடம் இருந்தவை பெரும்பாலும் அத்தகையவையே. ஒரு கட்டு நிறையக் கொண்டுவந்தவன் கையில் ஒன்றிரண்டு தாள்களே மிஞ்சின. அவனுடைய தகப்பனார், அந்தப் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டியதை எண்ணி எண்ணிப் புலம்பினார். நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பு, நடத்துகிற அமைப்பு அங்கீகரிக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பது அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

அதே பயணத்தில் சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தேர்வுப் போட்டியிலும் மகள் கலந்துகொண்டாள். அங்கே பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, அவள் எவ்வளவு தூரம் தாண்டுவாள் என்பதன்று. நீளம் தாண்டுதலும் செய்வாளா என்பதே. அவர்களிடம் மும்முறைத் தாண்டுதலுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அணியில் எந்த இடம் காலியோ அதற்குத்தான் ஆள் எடுப்பார்கள். ஆகவே தேர்வுக்குப் போகும் முன்பே அந்தக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் இறுதியாண்டை முடித்து வெளியேறுபவர்கள் யார் யார் என்று விசாரித்துவிட்டால் வாய்ப்பைப் பாதியளவு கணித்துவிடலாம். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்து காலையில் எழும்பூரில் இறங்கி நேராகக் குழியில் தாண்ட விடுவதையும் தவிர்க்க வேண்டும். நாங்கள் ஒரு நாள் முன்னதாகவே போய் உறவினர் வீட்டில் தங்கியதால் அவள் கால் தெளிவாக இருந்தது, தன் வழக்கமான தூரத்தைவிடக் கூடுதலாகவே தாண்டினாள். அவர்கள் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள்.

பொதுக் கலந்தாய்வுக்கு முன்னதாக நடக்கும் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வில் அவள் முறை வந்தபோது கிண்டியில் அவள் விரும்பிய பிரிவுகள் முடிந்துவிட்டன. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைத்தது, எடுத்துக்கொண்டோம். வீட்டிலிருந்தே போய் வரலாம். மாலையில் அண்ணா விளையாட்டரங்கில் பழைய பயிற்சியாளரிடமே பயிற்சியைத் தொடரலாம். அவளுக்கு இதில் மகிழ்ச்சிதான். தேசியப் போட்டியில் கலந்துகொண்டதற்கான மதிப்பெண்ணும் சேர்ந்திருந்தால் வரிசையில் எவ்வளவு முன்னேறியிருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நான் மட்டுமே.

ஒதுக்கீட்டு ஆணையைப் பெற்றுக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, சங்கத்திலிருந்து அந்தப் படிவம் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. கையொப்பம், முத்திரை, நாள் எல்லாம் சரியாகவே இருந்தன. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதால், அதை மூலச் சான்றிதழோடு சேர்த்து உறையிலிட்டு, நகல்களும் எடுத்து வைத்திருக்கிறேன். அவள் தம்பி எட்டாம் வகுப்பில் ஓடத் தொடங்கியிருக்கிறான். அவனுக்குப் போட்டி முடிந்த அன்றே, மைதானத்தில் பொறுப்பாளர் புறப்படும் முன்பே, படிவத்தை நீட்டிவிடுகிறேன்.