பெட்டிசம் போட முதல்

அயல் வளவு நுளம்புக்கும் குப்பைக்கும் பெட்டிசம் (முறைப்பாட்டுக் கடிதம்) போடுவதா இல்லையா என்பதில் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இரண்டு கட்சி இருக்கும். "சட்டம் இருக்கு, பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) அறிவிக்கிறதில என்ன பிழை?" என்பது ஒன்று. "நாளைக்கு ஒரு நன்மை தின்மை எண்டால் அந்த முகத்திலதானே முழிக்கோணும், அயலுக்குள்ள பெட்டிசம் போடுறதோ?" என்பது மற்றது. ஐப்பசி மழை தொடங்கி, டெங்குக் காய்ச்சல் என்று இரண்டு பேர் ஆசுப்பத்திரிக்குப் போனதும் இந்தக் கட்சிகள் முட்டிக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் விடுகிற பிழை ஒன்றுதான்: எல்லாத்தையும் ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டுவது. பக்கத்து வளவில் புல் முழங்கால் அளவுக்கு நிற்பது வேறு, கிணற்றடித் தொட்டியில் குடம்பி (நுளம்புப் புழு) நெளிவது வேறு. கண்ணுக்கு மட்டும் குத்துகிற விஷயத்தை விட்டுவிடலாம். வேலி தாண்டி வந்து ஆளை வருத்துவதை ஒரு கிழமைக்கு மேல் பொறுக்கத் தேவையில்லை. கிழமைக் கணக்கை நான் வைக்கவில்லை, நுளம்பு வைத்தது. டெங்கைப் பரப்புகிற ஈடிஸ் நுளம்பின் முட்டை பொரித்து, குடம்பியாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க எங்கள் வெக்கைக்கு 7 முதல் 10 நாள் காணும். பறந்ததும் அது ஊர் சுற்றப் போகாது. பெரும்பாலும் நூறு இருநூறு மீற்றருக்குள்ளேயே நிற்கும். அதாவது உங்கள் ஒழுங்கையில் கடிக்கிற நுளம்பு அநேகமாக உங்கள் ஒழுங்கையிலேதான் பிறந்தது.

எங்கே பிறக்கிறது என்பதில்தான் சண்டை தவறான இடத்தில் தொடங்குகிறது. ஆட்கள் பத்தையையும் கானையும் காட்டுவார்கள். ஈடிஸ் தேடுவது ஓரளவு தெளிந்து, அசையாமல் நிற்கிற தண்ணீரை. சருகு அடைத்த கூரைப் பீலி, மூடி இல்லாத தண்ணீர்த் தாங்கி, பூச்சாடித் தட்டு, ரயர், யோகட் கோப்பை, மல்லாந்து கிடக்கிற சிரட்டை, இளநீர்க் கோம்பை, பாவிக்காத கக்கூசின் கோப்பை, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கிற தட்டு. இந்தக் கடைசிச் சாமான் வீட்டுக்கு வீடு இருக்கும், ஒருத்தரும் குனிந்து பார்ப்பதில்லை. பி.எச்.ஐ. ரோச் லைற்றோடு வந்தால் முதலே அதைத்தான் இழுப்பார்.

தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பதும் பிழை. முட்டை தண்ணீருக்குள் இருப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். போன மாரியில் கவிழ்த்து வைத்த வாளி இந்த மாரியில் நுளம்பு விடுவது இப்படித்தான். தொட்டியை வெறுமையாக்கி, தென்னம் பொச்சால் உள்விளிம்பை உரஞ்சி, கழுவிய தண்ணீரை வெயில் படுகிற மண்ணில் ஊற்ற வேண்டும். கிழமைக்கு ஒருக்கால் செய்தால் போதும். பாவனையில் இல்லாத கிணற்றுக்கு வலை போடலாம், கப்பி மீன் விடலாம். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மீன் செத்துவிடும். திரும்ப விட வேண்டும் என்பதை மறந்துவிட்டு, "மீன் விட்டும் நுளம்பு வருது" என்று சொல்லித் திரிவார்கள்.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டம் இந்தக் கடமையைக் காணிச் சொந்தக்காரர் மீதும் குடியிருப்பவர் மீதும் வைக்கிறது. வாடகைக்கு இருக்கிறவர் "வீட்டுக்காரரைக் கேளுங்கோ" என்று கழன்றுவிட முடியாது.

இனி, பேர் போடாத மொட்டைப் பெட்டிசம். இதைவிட உதவாத ஆயுதம் இல்லை. எந்த வீட்டில், எந்த மூலையில் என்று எழுதாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி என்ன செய்வார்? ஒழுங்கை முழுக்க ஏறி இறங்குவார். பெட்டிசம் போட்டவர் வீட்டுப் பூச்சாடித் தட்டும் அகப்படும். போட்டது ஆர் என்று ஊர் கணிக்கும், அந்தக் கணிப்பு அநேகமாகப் பிழைக்கும். ஒரு பாவமும் அறியாத மூன்றாம் வீட்டுக்காரரோடு பேச்சு முறிந்துபோகும். அறிவிப்பதென்றால் பேரைப் போட்டு அறிவிக்க வேண்டும். பேர் போடத் தைரியமில்லாத விஷயம் அறிவிக்கிற அளவுக்குப் பெரிய விஷயம்தானோ என்று ஒருக்கால் யோசிக்கலாம்.

அதற்கு முதல் ஒரு பேச்சு. வேலிக்கு மேலால் இல்லை, படலையில் போய் நின்று. "உங்கட வளவு ஒரே ஊத்தை" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. "அண்ணை, உங்கட மேற்குப் பக்கத்துப் பீலி அடைச்சுத் தண்ணி நிக்குது போல. ஞாயிறு நான் ஏணி கொண்டு வாறன், ரெண்டு பேருமா எடுத்து விடுவம்" என்றால் வேலை நடக்கும். பொருள், இடம், நாள் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், தனியே இருக்கிற வயதான அம்மாவின் வீடென்றால் பீலி அடைப்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, ஏற ஆளில்லை. அதற்குப் போய் நோட்டிஸ் ஒட்ட வைப்பது அநியாயம்.

குப்பை விஷயத்தில் நான் கொஞ்சம் கடும். குப்பை ஏற்றுகிற சபை உழவு இயந்திரம் காலையில் வருமென்று இரவே பையை ஒழுங்கை முடக்கில் வைப்பதுதான் முக்கால்வாசிப் பிரச்சினை. விடிய முதல் கட்டாக்காலி நாய் கிழித்து இழுத்துவிடும், மிச்சத்தைக் காகம் பார்த்துக்கொள்ளும். மதிலில் நாலரை அடி உயரத்தில் ஒரு கொழுக்கி அடித்து, பையைத் தூக்கி விட்டால் நாய்க்கு எட்டாது. மீன் செதிலும் குடலும் பைக்குள் போகவே கூடாது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டித் தாட்டு, மேலே ஒரு தகரத் துண்டும் கல்லும் வைக்க வேண்டும். ஓரடிக் கிடங்கு என்றால் நாய் கிண்டிவிடும். கிணற்றுப் பக்கம் வெட்டவும் கூடாது. கீழே இருப்பது வெடிப்பு விழுந்த சுண்ணக்கல், இங்கே தாட்டது அயலாரின் கிணற்றுக்கும் போகும். உக்கும் குப்பையையும் உக்காததையும் ஒன்றாகக் கட்டினால் ஏற்றுகிறவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கிடக்கிற பை ஆருடையது என்று சண்டை வந்தால், அதிகாரிகள் செய்வது எளிய வேலை: பையைப் பிரித்து, உள்ளே மின்சாரப் பட்டியலோ மருந்துச் சிட்டையோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அநேகமாக இருக்கும்.

எரிக்கிறது இன்னொன்று. மாசி, பங்குனியில் வேம்பு கொட்டும்போது பின்னேரம் முழுக்கப் புகைதான். பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை போட்டு 2017 இல் வர்த்தமானி வந்தது. இருந்தாலும் சருகுக்காகப் பொலிசுக்குப் போகிறவரோடு எனக்கு உடன்பாடில்லை. பொலித்தீன் எரிகிற மணம் வந்தால், பக்கத்தில் இழுப்புக்காரர் இருந்தால் கதை வேறு. சருகுக்கு வழி இருக்கிறது. மூன்று பங்கு சருகு, ஒரு பங்கு பச்சைக் கழிவு அல்லது மாட்டெரு, பிழிந்த துணியளவு ஈரம். தனிச் சருகைக் குவித்துவிட்டு "உக்குதில்லை" என்பவர்கள் பச்சை சேர்ப்பதில்லை. மணக்கிறதென்பவர்கள் சமையல் கழிவுக்கு மேல் சருகு மூடுவதில்லை. குவியலை வேலியோடு ஒட்டி வைக்காமல் நாலு அடி உள்ளே வைத்தால், கறையானும் கதையும் குறையும்.

யாழ்ப்பாணத்தின் மெய்யான சிக்கல் வெறுவளவு. சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ, இங்கே பார்க்கிறவர் ஒரு ஒன்றுவிட்ட சகோதரம். அவரோடு கத்திப் பிரயோசனமில்லை, காசு அங்கே இருந்துதான் வர வேண்டும். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டால் ஆர் பொறுப்பென்று தெரியவரும். படம் நாலு எடுங்கள்: கிணறு, தண்ணீர் நிற்கிற இடம், உங்கள் வேலியோரம், படலை. அதைச் சொந்தக்காரருக்கே வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதிக் காணி துப்புரவாகிவிடும். அனுப்பும்போது "பாம்பு வருது" என்று எழுதாமல் "கிணற்றில் குடம்பி இருக்கு, சபை நோட்டிஸ் ஒட்டலாம்" என்று எழுதுங்கள். பாம்புக்கு ஒருவரும் காசு அனுப்பினதாகத் தெரியவில்லை. துப்புரவு புரட்டாதியில் நடக்க வேண்டும், மழை விழுந்த பிறகு வெட்டினால் மூன்று கிழமையில் பழையபடி நிற்கும். ஜே.சி.பி. விடுவதென்றால் எல்லைக் கதியாலுக்கு மூன்று அடி இந்தப் பக்கமே நிற்பாட்டச் சொல்லுங்கள். பூவரசங் கதியாலும் எல்லைக் கல்லும் அள்ளுப்பட்டுப் போனால், குப்பைக் கதை காணி வழக்காகிவிடும்.

பேச்சும் ஒரு கிழமையும் கடந்து ஒன்றும் நடக்காவிட்டால் எழுதுங்கள். நுளம்பு, மலசலகூடம், கழிவுநீர், மணம் என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. ஒழுங்கைக் குப்பை, சபைக் கான், வீதிக்கு மேல் சாய்ந்த கொப்பு என்றால் பிரதேச சபைச் செயலாளருக்கு, மாநகரத்துக்குள் என்றால் ஆணையாளருக்கு. மின்கம்பியில் முட்டுகிற கொப்பு மின்சாரம் விநியோகிக்கிறவர்களின் பாடு, நீங்கள் கொக்கத்தடி பிடிக்காதீர்கள். கடிதம் ஒரு பக்கம் போதும்: வீட்டின் வரிமதிப்பு இலக்கம், வளவில் எந்த மூலை, எப்போதிருந்து, வாயால் சொன்ன திகதி, படம். ஆளின் குணநலம், பழைய வேலிக் கதை, மகளின் கலியாணம் எதுவும் வேண்டாம். அது இருந்தால் படிக்கிறவர் இதைக் கோபக் கடிதமென்று ஒதுக்கிவிடுவார். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் துண்டையும் வைத்திருங்கள். பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி "இந்தக் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

பொதுத் தொல்லையை அகற்ற நீதவான் கட்டளை கொடுக்க 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பீலிக்கும் யோகட் கோப்பைக்கும் அங்கே போகாதீர்கள்.

உங்கள் வளவுக்குள் நீட்டுகிற கொப்பு, வேலி, உங்கள் முற்றத்தில் விழுகிற சருகு, தேங்காய் இதெல்லாம் அறிவிக்கிற விஷயமே இல்லை, இணக்க சபை விஷயம். அப்புக்காத்து (சட்டத்தரணி) இல்லாமல் மூன்று பேர் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள், வார இறுதியில் கூடும். இணங்கினால் எழுத்தில் வரும், இணங்காவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ் தருவார்கள். அங்கே போகும்வரை கத்தியைக் கீழே வையுங்கள். முக்கியமாக எல்லையில் நிற்பது பிலாவோ பெண்பனையோ என்றால், அதைத் தறிக்கச் சொந்தக்காரருக்கே அனுமதிப் பத்திரம் வேண்டும்.