நகரப் பொறியாளர் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? குழாயின் வாட்டத்திலிருந்து (சரிவிலிருந்து) தொடங்குங்கள்

உள்ளாட்சிப் பொறியாளர் பணிக்குப் படிப்பவர்கள் பலரும் கட்டமைப்புப் பாடங்களிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, நீரியலையும் சுற்றுச்சூழல் பொறியியலையும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். வேலையில் சேர்ந்தபின் நாள்தோறும் மேசைக்கு வருபவையோ சாக்கடை அடைப்பும் தெருவில் தேங்கும் மழைநீரும். அவற்றை முதலில் படியுங்கள்.

குழாயில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதாது, ஒரு குழாய்க்குப் போட்டுப் பாருங்கள். விட்டம் 300 மி.மீ., சொரசொரப்புக் கெழு 0.013, வாட்டம் 500-க்கு 1, அதாவது 500 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம். முழுதாக ஓடும்போது நீரியல் ஆரம் (நீரோட்டத்தின் குறுக்குப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தது) விட்டத்தில் கால் பங்கு. வேகம் வினாடிக்கு 0.61 மீ. பாதி ஓடினாலும் ஆரம் மாறாது, வேகமும் மாறாது. ஓடும் அளவு மட்டும் பாதியாகும். கழிவு படியாமலிருக்க 0.6 மீ. வேகமாவது வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். ஆக, இந்தக் குழாய் விளிம்பில் நிற்கிறது. 30 மீ. தள்ளியுள்ள இரண்டு ஆள்நுழைவுக் குழிகளுக்கு இடையே இதன் இறக்கம் வெறும் 60 மி.மீ. லெவல் எடுப்பதில் 20 மி.மீ. பிசகினால் மிஞ்சுவது 40, வேகம் 0.5-க்கு இறங்கிவிடும். மணல் படியும். தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி, குழாயின் மேல்வளைவில் கந்தக அமிலமாகிக் கான்கிரீட்டை அரிக்கும்.

மழைநீர் வடிகாலில் வரும் உச்ச ஓட்டத்தை அறிய ஓட்டக் கெழு (பெய்த மழையில் வழிந்தோடும் பங்கு), மழைச்செறிவு (மி.மீ./மணி), பரப்பு (ஹெக்டேர்) மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுக்க வேண்டும். 0.7, 60, 10 என்றால் வினாடிக்கு 1.17 கன மீட்டர். பரப்பைச் சதுர மீட்டரிலேயே விட்டால் விடை பத்தாயிரம் மடங்கு வீங்கும். இதைவிட முக்கியமானது செறிவு நேரம், அதாவது மிகத் தொலைவான இடத்து நீர் வடிகாலை வந்தடைய எடுக்கும் நேரம். காலி நிலத்தில் தளம் போட்டால் கெழு கூடும். தண்ணீர் விரைந்து வருவதால் செறிவு நேரம் குறையும். குறுகிய நேர மழைக்கே செறிவு அதிகம் என்பதால், கணக்கில் எடுக்க வேண்டிய மழைச்செறிவும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால்தான் பழைய வடிகால் தாங்குவதில்லை. விரிவான விடையில் இந்தக் காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

'ஒரே தெருவில் அடிக்கடி அடைப்பு, என்ன செய்வீர்கள்?' என்று நேர்முகத்தில் கேட்டால் உடனே குழாயை மாற்றுவேன் என்று சொல்லாதீர்கள். குழிகளை வரிசையாகத் திறந்து பார்க்க வேண்டும். மேல்குழி நிறைந்து அடுத்தது வறண்டிருந்தால் அடைப்பு அவற்றுக்கு நடுவே. உயர் அழுத்த நீர் இயந்திரத்தால் நீக்கி, பிறகு இரு குழிகளின் அடிமட்டத்தையும் அளந்து வாட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆளை உள்ளே இறக்கமாட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.