அம்மம்மாவைத் தேநீர் போட அனுப்பிவிட்டு

கொழும்பில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வீடுகளில் 'மிட்வைஃப் மிஸ்' என்பார்கள். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையாவது மூத்திரம் பெய்தால் பொதுவாகப் பால் போதுகிறது என்று கொள்ளலாம். "நேற்று எத்தனை தடவை?" என்பதை நான் தகப்பனிடம்தான் கேட்பேன். அநேகமானோர் உடனே மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். எப்போதாவது ஒருவர், "ஏழு மிஸ், விடியப்புறம் மாற்றிய துணி மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது" என்பார். அந்த வீட்டில் எனக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

படித்தவர்கள்தான் இப்படிப் பதில் சொல்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பால் குடித்த நேரத்தையெல்லாம் கைத்தொலைபேசியில் நிமிடக் கணக்கில் பதிந்து வைத்திருந்த ஒரு கணினிப் பொறியியலாளர், பிள்ளையைத் தூக்கச் சொன்னதும் இரண்டடி பின்னால் போனார். இத்தனை வருடங்களில் நான் கண்டது வேறு. எந்த வீட்டில் பிள்ளையைத் தகப்பன் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஆள் இல்லையோ, அந்த வீட்டுத் தகப்பனுக்குத்தான் கை பழகுகிறது.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்து நிற்கும் வீடுகளில், பத்தியக் கறி, காயச் சரக்கு, பிள்ளைக்கு எண்ணெய், எல்லாம் அவர் பொறுப்பு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை சில வீடுகளில் தகப்பன் அறை வாசலோடு சரி. பிள்ளை சிணுங்கினால் போதும், "தாருங்கள் தம்பி, உங்களுக்கு ஏலாது" என்று கை நீண்டுவிடும். அம்மம்மாவும் மாமியும் கனடாவில் இருக்கும் வீடுகளிலோ, அதே வயதுத் தகப்பன் ஒரு கையால் பிள்ளையின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் துணி மாற்றுகிறார். தலைப்பிள்ளை பெற்ற தாய்க்கும் முதல் நாள் ஒன்றும் தெரியாதுதான். அவளிடமிருந்து யாரும் பறிப்பதில்லை, அதனால் பழகிக்கொள்கிறாள். அம்மம்மாக்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதித் தாய்மார் சாப்பிடாமலே கிடப்பார்கள். ஆனால் தகப்பனுக்கு எதையாவது காட்டிக் கொடுக்க வேண்டுமென்றால், முதலில் அம்மம்மாவிடம் ஒரு தேநீர் கேட்பேன். சீனி குறைத்து, இஞ்சி தட்டிப் போட்டு. இஞ்சி தட்டுவதற்குள் ஒரு துணி மாற்றிவிடலாம்.

கொட்டாஞ்சேனைப் பக்கம், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு வீடு. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கும் கங்காரு முறையை ஆஸ்பத்திரியில் தாய்க்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத ஆஸ்பத்திரி ஒன்றில் எட்கர் ரே என்ற வைத்தியர் தொடங்கிவைத்த வழி அது. தாய்க்கோ வயிற்றுத் தையல் வலி. அரை மணித்தியாலத்துக்கு மேல் நிமிர்ந்திருக்க முடியவில்லை. "தம்பி, சேர்ட்டைக் கழற்றுங்கள்" என்றேன். அவருடைய தாயார் முகம் சுளித்தார். "ஆண்பிள்ளை நெஞ்சில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது மிஸ்?" "சூடு இருக்கிறது அம்மா" என்றேன்.

பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும். நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அமுங்காமல் பார்த்து, மடித்த சாரத்தால் சுற்றிக் கட்டினேன். மூட்டை ஏறி ஏறித் தடித்துப்போன தோள் அவருடையது. அந்தத் தோள் அசையவே இல்லை, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தார். "மூச்சு விடுங்கள் தம்பி, அதைக் கேட்டுத்தான் பிள்ளை தூங்கும்" என்றதும் சிரித்துவிட்டார். அடுத்த தடவை போனபோது கட்டுவதற்கு என் கை தேவைப்படவில்லை. தாயார்தான், "இப்படிச் சாய்ந்திரு" என்று தலையணை கொண்டுவந்து வைத்தார். அந்த நாட்களில் தகப்பனுக்கு நாட்கூலி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் தாய்க்கு 84 நாட்கள் பிரசவ லீவு உண்டு. தனியார் துறையில் மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான் என்றிருந்ததை 2018 இல் திருத்தினார்கள். அரச ஊழியரான தகப்பனுக்கு மூன்று நாட்கள். தனியார் துறைத் தகப்பனைப் பற்றிச் சட்டம் வாயே திறப்பதில்லை. சில கம்பனிகள் தாமாகக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். அந்த மூன்று நாட்களும் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் பார்வையாளர் நேரத்துக்காக நிற்பதிலும், சாப்பாட்டுப் பாத்திரம் சுமப்பதிலும், பிறப்புப் பதிவுக்கு அலைவதிலும் போய்விடும். பிள்ளை வீட்டுக்கு வரும்போது தகப்பன் கந்தோரில் இருப்பார்.

உண்மையில் ஆள் வேண்டியது பிறகுதான். துடக்குக் கழிந்து, அம்மம்மா யாழ்ப்பாண பஸ் ஏறிய மறுநாள் காலையில். எங்கள் பகுதியில் ஓர் அரச ஊழியர் தன் வருடாந்த லீவை அந்த நாளுக்கென்றே மிச்சம் பிடித்து வைத்திருந்தார். "மனைவிக்குச் சுகமில்லையா?" என்று மேலதிகாரி கேட்டாராம். "நல்ல சுகம் சேர், நான் பிள்ளை பார்க்கப் போகிறேன்" என்றாராம் இவர். மேலதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாராம். சிரிக்கட்டும், லீவு கிடைத்ததே.