அப்பா உயில் எழுதிய கதை

அப்பாவுக்கு 75 வயதானதும் சொத்து விஷயத்தை எழுதி வைத்துவிடலாம் என்று வக்கீலிடம் போனோம். மதுரையில் ஒரு வீடு, ஒரு காலி மனை, ஊரில் கொஞ்சம் வயல். எல்லாமே அப்பா சம்பாதித்து வாங்கியவை. "நாங்க ரெண்டு பேர்தானே, எழுதலேன்னா என்ன ஆகும்?" என்றான் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி.

"அப்பாவோட அம்மா இருக்காங்களா?" என்று திருப்பிக் கேட்டார் வக்கீல். அப்பத்தா நன்றாக இருக்கிறார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. எங்கள் கணக்கில் அது நாலில் ஒன்று. அப்பத்தா காலத்துக்குப் பிறகு அந்தப் பங்கில் அத்தைகளும் சித்தப்பாவும் வருவார்கள். அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள்தான். ஆனால் அம்மா வீட்டை விற்க நினைத்தால் அத்தனை பேரிடமும் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டும். எனக்கு அதை நினைத்தே தாங்கவில்லை.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் செட்டில்மெண்ட் பத்திரம் இன்னொரு வழி. அதற்குச் செலவு குறைவுதான். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. ஆனால் பதிவான அன்றே உரிமை கைமாறிவிடும். உயிலை அப்பா எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முத்திரைத் தீர்வையும் கிடையாது. அதனால் வீடு உயிலில். அம்மாவுக்கு ஆயுள் வரை அனுபவ உரிமை மட்டும் என்று எழுதத்தான் முதலில் பேச்சு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு வைத்தியச் செலவு என்றால், விற்கும் உரிமை அவர் கையிலேயே இருக்க வேண்டும். அப்பா யோசித்து, முழு உரிமையாகவே எழுதினார்.

மனை தம்பிக்கு செட்டில்மெண்ட். வயலையும் அப்படியே கொடுக்கலாம் என்றால், வெளிநாட்டில் குடியிருப்பவர் விவசாய நிலத்தைத் தானமாக வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. வாரிசாக வந்தால் தடையில்லை. ஆக, அதுவும் உயிலுக்குள் போனது.

அப்புறம் வரி. வாரிசு வரி 1985-லேயே போய்விட்டது. பெற்றோர் தருவதற்கு வருமான வரியும் இல்லை. விற்கும்போதுதான் லாபத்துக்கு வரி வரும், அந்த லாபக் கணக்கும் அப்பா வாங்கிய விலையிலிருந்து. 2001-க்கு முன் வாங்கிய மனை என்பதால், அந்த விலைக்குப் பதிலாக 1.4.2001 அன்றைய மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பை இப்போதே வாங்கி மூலப் பத்திரத்தோடு வைக்கச் சொன்னார் ஆடிட்டர். வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு 20 சதவீத வரி கணக்குப் போடும் வழி உள்நாட்டில் குடியிருப்பவருக்கு மட்டும்தான்; தம்பிக்கு 12.5 சதவீதமே. பணம் தரும்போதே வரியைப் பிடிக்கும் பொறுப்பும் தம்பியிடமிருந்து மனையை வாங்குபவருக்கு உண்டு.

உயிலுக்குச் சாட்சி இரண்டு பேர். இருவரும் அப்பாவைவிட இளையவர்கள், சொத்தில் பங்கில்லாதவர்கள். அதில் ஒருவர் எங்கள் குடும்ப டாக்டர். பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டோம்.