அடிபடாமலே கிழிந்த சிறுநீரகம்

அண்ணன் எங்கும் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தவர், திடீரென்று இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு குனிந்தார். கல்லாக இருக்கும், தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று தீர்ப்புச் சொன்ன மேதாவி நான்தான். கால் மணி நேரத்தில் முகம் வெளுத்து, சட்டை நனைந்து, உள்ளங்கை சில்லிட்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

சி.டி. ஸ்கேனில் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. காயமின்றித் தானாக ஏற்படும் இந்த ரத்தக்கசிவுக்கு வுண்டர்லிக் நோய்க்குறி என்று பெயர். 1856-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிக்தான், உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கையும் உலகத்துக்குப் பழக்கியவர்.

அண்ணனுக்குக் காரணம் ஆஞ்சியோமயோலிப்போமா. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி, புற்றுநோய் அல்ல. ஆனால் அதற்குள் ஓடும் குழாய்களின் சுவர் பலவீனமானது. கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் வெடிக்கும் அபாயம் கூடுகிறது. வேறு சிலருக்குச் சிறுநீரகப் புற்றுநோயோ, ரத்தக்குழாய் அழற்சியோ, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையோ காரணமாகலாம்.

"சிறுநீரில் ரத்தமே வரவில்லையே டாக்டர்?" என்று கேட்டேன். கசிவு சிறுநீரகத்துக்கு வெளிப்புறமாக நடந்தால் வராமலும் இருக்குமாம்.

தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசிந்த ரத்தக்குழாயை மட்டும் அடைத்தார்கள். சிறுநீரகம் தப்பியது. நேற்று வீடு திரும்பிய அண்ணன், பாதியில் விட்ட குறுக்கெழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதன் பின்பக்கத்தில்தான் மாத்திரை நேரங்களை எழுதி வைத்திருக்கிறேன்.